அழியாத ஏட்டில் எழுதப்படும் பழி



சென்ற ரமளானுக்கு முந்திய வாரம் ஓர் இரவு, இஷா தொழுகைக்குப் பின், நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து அழைத்தார். முப்பது வயதை நெருங்கியவர். பகலில் ஒரு மளிகைக் கிடங்கில் கணக்கெழுதுகிறார். இரவில் அறைக்குத் திரும்பியபின் கட்டுரைகள் எழுதுகிறார். பிளாக்செயின் என்னும் தொடரேட்டு முறையில் இயங்கும் ஒரு சமூக ஊடகத்தில் அவற்றை வெளியிடுகிறார். அங்கே எழுத்துக்கு வாசகர்கள் வாக்களித்தால் எழுதியவருக்குச் சிறிதளவு இணைய நாணயம் கிடைக்கும். அந்த வருமானத்தைக் கொண்டுதான் தம் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்தி வந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

"ஹஜ்ரத், என்னைத் திருடன் என்று எழுதிவிட்டார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள். அழிக்கவும் முடியாது. நான் என்ன செய்ய?" என்றார். குரல் உடைந்திருந்தது.

மூன்று குற்றங்கள் அவர்மீது சாட்டப்பட்டிருந்தன. அவர் எழுதிய ஒரு கட்டுரை வேறொருவருடையது என்பது ஒன்று. இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கித் தமக்குத் தாமே வாக்களித்துக்கொண்டார் என்பது மற்றொன்று. ஒரு புகைப்படம் அவர் எடுத்ததன்று என்பது மூன்றாவது. "இன்றிரவு எதையும் எழுதாதீர்கள். கோபத்தோடு உறங்கச் செல்லாமல் உளூச் செய்துவிட்டுப் படுங்கள்" என்று மட்டும் சொன்னோம். அதற்குமேல் சொல்ல அன்று நம்மிடம் எதுவும் இல்லை. அந்த உலகத்தின் நடைமுறை நமக்குத் தெரியாது. பின்வந்த சில இரவுகளில் அதைப் பற்றி வாசித்தோம். அவ்வாறு வாசித்ததிலிருந்தும், மதரஸாவில் நாம் அன்றாடம் சொல்லிக்கொடுக்கும் பாடங்களிலிருந்தும் எழுந்த சில எண்ணங்களை இங்கே வைக்கிறோம். இணைய நாணயம் கூடுமா, கூடாதா என்பது தனி விவாதம். உலமாக்கள் அதில் கருத்து வேறுபட்டுள்ளனர். அந்தக் கதவை இங்கே நாம் திறக்கவில்லை.

இவ்வகை ஊடகங்களுக்கு முன்னோடியாக விளங்கியது ஸ்டீம் என்னும் தொடரேடும், அதன்மேல் இயங்கிய ஸ்டீமிட் என்னும் தளமும் ஆகும். நெட் ஸ்காட், டேன் லாரிமர் ஆகிய இருவர் 2016-ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினர். எழுதப்படும் ஒவ்வொன்றும், அளிக்கப்படும் ஒவ்வொரு வாக்கும், அனுப்பப்படும் ஒவ்வொரு காசும் மூன்று விநாடிக்கு ஒரு முறை ஓர் ஏட்டுப் பக்கமாகக் கோக்கப்படுகின்றன. ஒரு கட்டுரையைத் திருத்தினால் புதிய வடிவம் மேலே தெரியும். பழைய வடிவம் ஏட்டின் உள்ளே அப்படியே கிடக்கும். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதை எவரும் பார்க்கலாம்.

வாக்குகளின் எடை சமமானதன்று. அந்த நாணயத்தை எவர் எவ்வளவு வைத்திருக்கிறாரோ அவ்வளவு கனம் அவருடைய வாக்குக்கு உண்டு. ஆதரவு வாக்கைப் போலவே எதிர்வாக்கும் உண்டு. எதிர்வாக்கு விழுந்தால் எழுதியவருக்கு வரவேண்டிய தொகை குறைந்து பொதுத் தொகுப்புக்குத் திரும்பி, மற்றவர்களுக்குப் பங்காகும். இவற்றோடு நற்பெயர் எண் என ஒன்றும் உண்டு. புதியவருக்கு அது 25-இல் தொடங்குகிறது. உயர்ந்த எண் உடையவர் எதிர்வாக்களித்தால் தாழ்ந்தவரின் எண் இறங்கும். தாழ்ந்தவர் எத்தனை முறை எதிர்வாக்களித்தாலும் உயர்ந்தவரின் எண் அசையாது. எண் பூஜ்யத்திற்குக் கீழே போய்விட்டால் அவர் எழுதுவது மறைக்கப்பட்டுவிடும். ஒரு மனிதனின் மானத்திற்கு எண் சூட்டி, அதை ஏற்றவும் இறக்கவும் பணக்கனத்திற்கு உரிமை கொடுத்த ஏற்பாடு இது.

திருட்டு எழுத்தும் போலிக் கணக்கும் அங்கே உண்மையிலேயே பெருந்தொல்லையாக இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிறர் எழுத்தை வெட்டி ஒட்டிக் காசு பார்த்தவர் பலர். அவர்களைக் கண்டறிந்து எதிர்வாக்களிப்பதையே பணியாகக் கொண்ட குழுக்கள் உருவாயின. 2019 ஆகஸ்ட் மாதத்து மாற்றத்தின் மூலம் எதிர்வாக்குக்கென்றே ஒவ்வொருவருக்கும் தனியாக ஓரளவு ஆற்றல் ஒதுக்கப்பட்டது. அதற்குமுன் எதிர்வாக்களிப்பவர் தம் ஆதரவு வாக்கின் ஆற்றலைச் செலவழிக்க வேண்டியிருந்தது. அதாவது, குற்றம் சாட்டுவதற்கு ஒரு விலை இருந்தது. பிறகு அது ஏறத்தாழ இலவசமாயிற்று. தீயவரைத் தடுக்கவே இதைச் செய்தனர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பிறர்மீது கை நீட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லாத இடத்தில் கைகள் அடிக்கடி நீளும்.

இந்தச் சமூகத்தில் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 2020-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரி 14 அன்று, டிரான் என்னும் வேறொரு தொடரேட்டின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அந்நிறுவனத்திடம் தொடக்க நாள்களிலேயே திரட்டிய பல கோடி ஸ்டீம் நாணயங்கள் இருந்தன. அவை வளர்ச்சிப் பணிக்காகவே, அவற்றைக் கொண்டு ஆட்சியில் வாக்களிக்க மாட்டோம் என்பது பழைய நிர்வாகம் கொடுத்திருந்த வாக்கு. புதியவர் அந்த வாக்கைக் காப்பாரா என்ற அச்சம் எழுந்தது. தொடரேட்டை இயக்குவோர் ஒன்றுகூடி, அந்த நாணயங்கள் அசையாதபடி தற்காலிகமாக முடக்கினர்.

சன் தரப்பு இதனைத் திருட்டுக்கு ஒப்பான செயல் என்றது. தீய நோக்குடைய ஊடுருவிகள் தமக்குரிய சொத்தை முடக்கிவிட்டனர் என்று பழி கூறியது. மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகளில் இருந்த நாணயங்களும் வாக்காக மாற்றப்பட்டன. அவை அச்சந்தைகளில் வாடிக்கையாளர்கள் நம்பி வைத்திருந்த நாணயங்கள். அந்தக் கனத்தில், தொடரேட்டை இயக்கிய முதல் இருபது பேரும் ஒரே நாளில் நீக்கப்பட்டுப் புதியவர்கள் அமர்த்தப்பட்டனர். இப்போது திருடர் என்ற சொல் எதிர்த்திசையில் பறந்தது. பிறர் அமானிதத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினர் என்று பழைய இயக்குநர்கள் முழங்கினர். பைனான்ஸ் தலைவர் சாங்பெங் சாவ், வழக்கமான மேம்பாடு என்று எண்ணி ஒப்புதல் அளித்ததாக விளக்கமளித்தார். சில நாள்களில் பைனான்ஸும் ஹுவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன.

மார்ச் 20 அன்று பழைய சமூகத்தினர் பிரிந்து ஹைவ் என்னும் புதிய தொடரேட்டைத் தொடங்கினர். ஸ்டீமில் ஒருவரிடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஹைவில் அவருக்கு வழங்கப்பட்டது. ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கு விடுபட்டது. சன் தரப்புக்கு வாக்களித்த சில கணக்குகளும் விடுபட்டன. அவர்களில் சிலர் தாம் அறியாமல் வாக்களித்ததாக முறையிட்டனர். மே 20 அன்று ஸ்டீம் தரப்பு தன் பங்குக்கு ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து 64 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 36 இலட்சம் ஸ்டீமைக் கைப்பற்றியது. அன்றைய மதிப்பில் ஐம்பது இலட்சம் டாலர் அளவுக்கு வரும் தொகை. சமூகத்துக்குத் தீங்கிழைத்தவர்கள் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். கைப்பற்றிய நாணயங்களை இன்னாரென்று அறியப்படாத ஒருவர் பிட்ரெக்ஸ் சந்தைக்கு அனுப்பி, உரியவர்களிடம் திருப்பித் தருமாறு குறிப்பெழுதினார் என்பது அந்தக் கதையின் விநோதமான ஒரு கிளை.

நாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. இரு தரப்பும் மறு தரப்பைத் திருடர் என்றது. இரு தரப்பும் சமூகத்தின் பெயராலேயே பேசியது. இரு தரப்பின் கையிலும் அடுத்தவர் சொத்து சிக்கியபோது, விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. குற்றம் சாட்டியவரே தீர்ப்பு வழங்கினார். தீர்ப்பு வழங்கியவரே தண்டனையையும் நிறைவேற்றினார். முடக்கியதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து. வாக்குறுதி முறிக்கப்படும் என்ற அச்சம் வெற்று அச்சமாக இருக்கவில்லை என்பதை மார்ச் 2 காட்டியது. ஆனால் அச்சம் நியாயமானது என்பதால், அதன்பின் எளிய கணக்குகளைக் கேள்வியின்றி விலக்கியதும் நியாயமாகிவிடாது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்தில் அல்லாஹ் நமக்கு இடும் கட்டளை (5:8), வெறுப்பதற்குத் தக்க காரணம் இருக்கும்போதுதான் சோதனைக்கு உள்ளாகிறது.

அந்தத் தொடரேட்டை வாசிக்கும்போது நம்மை ஒரு சொல் நிறுத்தியது. ஏட்டை எழுதி உறுதிசெய்யும் அந்த இருபது பேருக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் விட்னஸ். அதாவது சாட்சி! அதிகப் பங்குடையோரின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுபவர் சாட்சி. ஒரே கணக்கு முப்பது சாட்சிகளுக்கு வாக்களிக்கலாம் என்பதால்தான் ஒரு பெரும் பங்குடையவரால் இருபது பேரையும் ஒரே நாளில் மாற்ற முடிந்தது.

நம் மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தில் சாட்சியின் நிபந்தனைகளை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவதுண்டு. சாட்சி அதாலத் உடையவராக, நேர்மையால் அறியப்பட்டவராக இருக்க வேண்டும். தம் சாட்சியத்தால் தமக்கு ஆதாயம் வருமானால் அச்சாட்சியம் ஏற்கப்படாது. வஞ்சம் வைத்திருப்பவன் தான் வஞ்சம் வைத்தவனுக்கு எதிராகச் சொல்லும் சாட்சியம் செல்லாது என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. இவையெல்லாம் பழங்காலத்துக் காழி மன்றங்களுக்கு மட்டும் உரிய சட்டங்கள் என்று எண்ணியிருந்தவர்களை அந்த ஏட்டைப் படிக்கச் சொல்லுவோம். எதிர்வாக்களித்தால் அந்தத் தொகை தாமும் பங்கு பெறும் தொகுப்புக்குத் திரும்புகிறது என்றால், எதிர்வாக்களிப்பவர் ஆதாயமுள்ள சாட்சிதானே?

வாதியே சான்று கொண்டுவர வேண்டும் என்பது நம் சட்டத்தின் தூண். மக்கள் உரிமை கோருவதெல்லாம் கோரியபடியே கொடுக்கப்படுமானால் பிறரின் உயிரையும் உடைமையையும் கோருவோர் கிளம்பிவிடுவர் என்னும் கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் நபிமொழி (முஸ்லிம்) இதற்கு அடிப்படை. நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, எதிர்த்தரப்பின் சொல்லையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). கேட்பதற்கு முன்பே எண்ணைக் குறைத்துவிட்டு, பிறகு விளக்கம் சொல் என்று கேட்பது எந்த வகை நீதி?

இதைச் சொல்லும் நாமும் குற்றமற்றவர் அல்லர். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் மதரஸாவில் மாணவர்களிடம் நூல் வாங்கச் சேகரித்த பணம் மேசையிலிருந்து காணாமற்போயிற்று. கடைசியாக அறையில் இருந்தவன் என்று ஒரு சிறுவனைப் பற்றி மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேர் சொன்னதே நமக்குப் போதுமானதாக இருந்தது. அவனிடம் கேட்டோம் என்று சொல்வதைவிட, அவன் ஒப்புக்கொள்வதற்காகக் காத்திருந்தோம் என்பதே சரி. இரண்டு நாள் கழித்து, பணம் வேறொரு உஸ்தாதின் கிதாபுக்குள் இருந்தது தெரிந்தது. அவர் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அவனுடைய வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார். சிறுவன் அந்த ஆண்டு முடிந்ததும் வேறு மதரஸாவுக்குப் போய்விட்டான். மூன்று பேர் என்றோமே, அம்மூவரில் இருவர் முதலாமவன் சொல்லக் கேட்டதைச் சொன்னவர்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யன் ஆவதற்குப் போதும் என்னும் நபிமொழியை (முஸ்லிம்) அந்த ஆண்டும் நாம் பாடமாக நடத்தியிருந்தோம்.

இனி நம் மாணவரின் வழக்குக்கு வருவோம்.

மூன்றில் புகைப்படக் குற்றம் எளிதாக விழுந்துவிட்டது. அவருடைய கைபேசியில் மூலப்படம் இருந்தது. அதே இடத்தில் எடுத்த வேறு ஆறு படங்களும் இருந்தன. வெளியிட்டார். முடிந்தது.

இரண்டாவது கணக்கு கடினமானது. அந்தக் கணக்கு அவருடையதன்று, அவருடைய தங்கையுடையது. அவர் ஊருக்கு வந்திருந்தபோது தம் கைபேசியிலிருந்தே அதைத் தொடங்கிக் கொடுத்தார். மாதந்தோறும் கல்லூரிக் கட்டணத்திற்காக அந்தக் கணக்குக்கு நாணயம் அனுப்பினார். தங்கை, காக்கா எழுதியவற்றுக்கெல்லாம் வாக்களித்தாள். ஏட்டில் இவையெல்லாம் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஒருவர் அனுப்புகிறார், மற்றவர் தவறாமல் வாக்களிக்கிறார். இதைப் பார்த்த ஒருவர், இரண்டும் ஒருவரே என்று முடிவு செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. ஏடு பொய் சொல்லவில்லை. ஆனால் ஏட்டில் தங்கை என்ற சொல் இல்லை.

குற்றம் சாட்டியவர் ஒரு சான்று கேட்டார். அந்தப் பெண் அன்றைய தேதி எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி முகம் தெரியப் படம் எடுத்து வெளியிட வேண்டும் என்றார். இணைய உலகில் இது வழக்கமான கோரிக்கைதானாம். நம் மாணவர் தடுமாறியது இங்கேதான். "படத்தைப் போட்டால் என் பெயர் காப்பாற்றப்படும். போடாவிட்டால் பொய்யன் என்பது உறுதியாகிவிடும். உம்மா வேண்டாம் என்று அழுகிறார்" என்றார். ஒருமுறை ஏறிவிட்டால் அந்தப் படம் யாராலும் எடுக்க முடியாத ஏட்டில் நிலைத்துவிடும். தங்கைக்கோ வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நமக்கு நினைவுக்கு வந்தது ஸஃபிய்யா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃப் இருந்த காலத்தில் இரவில் தம் துணைவியாரை வழியனுப்ப எழுந்து நடந்தார்கள். அன்சாரிகள் இருவர் கண்டு விரைந்து கடக்க முற்பட்டனர். அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று நபியவர்கள் தெரிவித்தார்கள். அவ்விருவரும் திகைத்தனர். ஷைத்தான் மனிதனுள் இரத்தம் ஓடுவதுபோல் ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் எதையேனும் போட்டுவிடுவான் என அஞ்சினேன் என்னும் பொருள்பட விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). ஐயத்துக்கு இடம் தரும் காட்சியைக் கண்டவரிடம் விளக்கம் சொல்வது கௌரவக் குறைவு ஆகாது என்பதை இந்நிகழ்ச்சியிலிருந்து அனைவரும் எடுத்துச் சொல்வர். நாம் அன்று கவனித்தது வேறொன்று. யார் கண்டார்களோ அவர்களிடம் சொன்னார்கள். ஐயம் நீங்க எவ்வளவு தேவையோ அவ்வளவு சொன்னார்கள். ஒரு பெயர். அதற்குமேல் இல்லை. மதீனா முழுவதும் பறைசாற்றவில்லை.

எனவே படம் வேண்டாம் என்றோம். அந்தச் சமூகத்தில் பொறுப்பில் உள்ள, இரு தரப்பும் நம்பும் ஒரு பெண்மணி இருக்கிறாரா என்று கேட்டோம். இருந்தார், நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம் மாணவரின் தங்கை, உம்மா பக்கத்தில் இருக்க, அவரோடு காணொளி அழைப்பில் பேசினாள். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினாள். தாம் பேசியதையும், அது வேறு ஆள்தான் என்பதையும் அந்தப் பெண்மணி இரண்டு வரியில் எழுதினார். அந்த இரண்டு வரியும் இப்போது அதே அழியாத ஏட்டில் இருக்கின்றன. குற்றம் சாட்டியவர் அதன்கீழ் எதுவும் எழுதவில்லை. தம் பழைய வாக்கியங்களைத் திரும்பப் பெறவும் இல்லை. "இன்னும் பத்து முறை பதில் எழுதட்டுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார் நம் மாணவர். வேண்டாம் என்றோம். பொய்யான பழிக்குச் சான்றோடு ஒருமுறை சொல்லும் பதில் போதுமானது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது, நான் குற்றமற்றவள் என்றால் நம்ப மாட்டீர்கள், செய்யாததை ஒப்புக்கொண்டால் நம்பிவிடுவீர்கள் என்ற நிலையில் தாம் இருப்பதைச் சொல்லிவிட்டு, யூசுஃப் நபியின் தந்தை மேற்கொண்ட அழகிய பொறுமையைத் தாமும் மேற்கொள்வதாகக் கூறி அவர்கள் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் நீண்ட வேதனை அது. நம் பிள்ளைகளோ ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டாமல் துடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அன்று பழிச்சொல் வாயிலிருந்து வாய்க்குப் போயிற்று. இன்று அது ஒவ்வொரு நிமிடமும் சட்டைப்பையில் அதிர்கிறது.

மிச்சம் இருந்தது முதல் குற்றச்சாட்டு. அதைப் பற்றிக் கேட்டபோது நம் மாணவரின் குரல் தாழ்ந்தது.

"அது... ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியதைத்தான் தமிழில் மாற்றினேன். ஆனால் தமிழ் என்னுடையதுதானே, ஹஜ்ரத்?"

மூலத்தை எழுதியவரின் பெயரைப் போட்டீர்களா என்று கேட்டோம். இல்லை என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, மதரஸாவில் நாம் ஓதிக்கொடுத்த முதல் ஹதீஸுக்கு ஸனது இருந்ததா என்று கேட்டோம். யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று பெயர் பெயராகச் சொல்லித்தானே ஒரு வரியைக்கூட இந்த உம்மத் ஏற்றுக்கொண்டது? ஸனதை மறைத்துத் தாமே நேரில் கேட்டதுபோல் தோற்றம் தருபவரை ஹதீஸ் கலையினர் முதல்லிஸ் என்று பெயர் சொல்லிக் குறித்து வைத்தனர். அதை ஓதிய பிள்ளை, பிறர் சிந்தனையில் தம் பெயரை எழுதிக் காசு பெறுவது எப்படிச் சரியாகும்?

இங்கேதான் இவ்வகைக் குற்றச்சாட்டில் மிகக் கடினமான இடம் வருகிறது. மூன்றில் இரண்டு பொய் என்று நிறுவிவிட்டால், அந்த வேகத்தில் மூன்றாவதையும் பொய்யெனத் தள்ளிவிட மனம் தூண்டும். எதிரி இரண்டில் தவறியதால் மூன்றிலும் நம்ப ஆள் இருக்காது. நண்பர்கள் வேறு தோள் கொடுக்க வந்துவிட்டார்கள். தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் என்பதால்தான் குறிவைக்கிறார்கள் என்று எழுதக்கூட ஒருவர் முன்வந்தார்! நம் ஊர்க்காரர் என்றால் விசாரிக்காமல் காப்பது நமக்கு எளிதாக வருகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதல் வரும் வசனங்கள் இறங்கிய பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. கவசத்தைத் திருடியவர் தம் கூட்டத்தவர் என்பதால் உறவினர் அவருக்காக வாதாடினர். பழி ஒரு யூதர்மீது போடப்பட்டது என்பது அவற்றில் வரும் ஓர் அறிவிப்பு. மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான். குற்றம் சாட்டப்பட்டவர் நம் கூட்டமா என்று பார்த்து நீதி தரும் மார்க்கம் இது அன்று.

நம் மாணவர் இரண்டு நாள் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் ஸுப்ஹுக்குப் பின் ஒரு செய்தி அனுப்பினார். முன்னிரவில் அவர் வெளியிட்ட பதில் அது. இந்தக் கட்டுரை இன்னாருடையதன் மொழிபெயர்ப்பு, பெயரைச் சொல்லாதது என் தவறு, மற்ற இரண்டும் உண்மையன்று, சான்றுகள் இவை என நான்கைந்து வரிகள். குற்றம் சாட்டியவரின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலில் அவர் எழுதி வைத்திருந்த வரைவில் அவரை முனாஃபிக் என்று அழைத்திருந்தாராம். அதை எடுத்துவிட்டேன் என்று தனியே குறிப்பிட்டிருந்தார்.

பாவத்தை மறைப்பதும் தவ்பாச் செய்வதும்தானே நம் வழி, ஊரறிய ஒப்புக்கொள்வது ஏன் என்று சிலர் கேட்கலாம். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவத்துக்கு அதுவே வழி. பிறர் உரிமையில் கை வைத்ததற்கு அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவேறாது. தவறு எந்த இடத்தில் வெளியாயிற்றோ அந்த இடத்தில் திருத்தம் வெளியாக வேண்டும். அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எழுதியவரின் பெயரை வேறெங்கே அறிவார்கள்?

குற்றம் சாட்டுவோருக்கும் ஒரு சொல் உண்டு. அநீதி இழைக்கப்பட்டவர் தவிர வேறெவரும் தீய சொல்லைப் பகிரங்கப்படுத்துவதை அல்லாஹ் விரும்புவதில்லை (4:148). மோசடியிலிருந்து மக்களை எச்சரிப்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம்பேசுதலின் விதிவிலக்குகளுள் ஒன்றாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே திருட்டு எழுத்தைச் சுட்டிக்காட்டுவது குற்றம் இல்லை. ஆனால் அதைக் கண்டவர் முதலில் எழுதியவருக்கே ஒரு தனிச் செய்தி அனுப்பியிருக்கலாம். ஒரு நாள் காத்திருக்கலாம். தங்கை விஷயத்தில் முடிவாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டிருக்கலாம். காகிதத்தில் எழுதியதைக் கிழிக்கலாம். வாயால் சொன்னது காலப்போக்கில் மறக்கப்படும். இந்த ஏட்டில் எழுதியது அவ்விரண்டும் ஆகாது. அவரே வருந்தினாலும், மன்னிப்புக் கேட்டாலும், திருடன் என்ற சொல் அதன் நாளோடும் நேரத்தோடும் அங்கே இருக்கும். பிற்காலத்தில் ஒரு நிறுவனமோ, மணம் பேசும் குடும்பமோ நம் மாணவரின் பெயரைத் தேடினால் பழியும் பதிலும் சேர்ந்தே கிடைக்கும். பழி மட்டும் கிடைத்துப் பதில் கிடைக்காமல் போகவும் கூடும்.

அவருடைய எண் பழைய நிலைக்கு இன்னும் வரவில்லை. எழுதுவதை நிறுத்தவில்லை. இப்போது மொழிபெயர்ப்பு என்றால் முதல் வரியிலேயே மூலத்தவரின் பெயர் இருக்கிறது. அந்த ஒரு கட்டுரையால் தமக்குக் கிடைத்தது எவ்வளவு என்று ஏட்டைப் பார்த்துக் கணக்கிட்டார். கணக்கெழுதுபவர் அல்லவா, காசு வரை எடுத்து வைத்திருந்தார். அன்றைய விலையில் முப்பத்தெட்டு டாலர் சொச்சம். மூலத்தை எழுதியவருக்கு நடந்ததைச் சொல்லி, தொகையை எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் இல்லை. பெருநாளுக்குப் பின் மறுபடியும் அனுப்பினார். "ஸதகாவாகக் கொடுத்துவிடலாமா ஹஜ்ரத்?" என்று போன வாரம் கேட்டார். உரியவர் உயிரோடு, முகவரியோடு இருக்கும்போது அதற்கு அவசரம் இல்லை, இன்னும் சில மாதம் பாருங்கள் என்றோம். அந்தத் தொகை தனியாக இருக்கிறது.